கால் படாத இடம்

அத்தியாயம் 6

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

இன்று செய்த தவறு: சிவசாமியிடம் "மருந்து அடித்தீர்களா?" என்று கேட்க வேண்டியவள், "எப்போது அடித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை மாலை விசாரணைப் பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். முடிவைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. அதைச் சிவப்பு மையில் கோடிட்டும் வைத்திருந்தேன். கோடிட்டதெல்லாம் வாய்க்கு எட்டுவதில்லை போலிருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் எல்லையில், ஏழு தமிழ்க் குடும்பங்கள் காய்கறி போடுகின்றன. மருந்தடிப்பதை விட்டு இயற்கை முறைக்கு மாறுகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியத்தில் சேர்ந்திருக்கிறார்கள். குழுவாகச் சேர்ந்ததால் விதியும் குழுவுக்குத்தான். ஒருவர் தெரிந்தோ தெரியாமலோ தன் நிலத்தில் மருந்தைச் சேர்த்தால் ஏழு பேரும் வெளியே. குழுவின் தலைவி திலகம் அக்கா. ஜூலைக் கடைசியில் சோதனைக்கு எடுத்துப்போன அவருடைய கீரையிலேயே பூச்சிமருந்து இருந்தது.

பக்கத்து நிலத்தில் செவ்வந்திப் பூ போடும் சிவசாமியின் மருந்துதான் காற்றில் வந்து விழுந்தது என்று திலகம் அக்கா புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சிவசாமி அவருக்குச் சம்பந்தி. அக்காவின் மகள் புனிதா வாழ்வது அந்த வீட்டில். புகார் உண்மை என்றால் சிவசாமியின் நிலத்துக்கு வருடாவருடம் புதுப்பிக்கும் பெர்மிட் கிடைக்காது. பொய் என்றால் ஏழு குடும்பங்களுக்கும் மானியம் கிடைக்காது. நாளை காலை திட்ட அதிகாரி மறுபடி நிலத்தைப் பார்க்க வருகிறார். அதற்குள் ஆதாரம் வேண்டும் என்று குழு எங்கள் விசாரணை அலுவலகத்தை அமர்த்தியிருக்கிறது. அலுவலகம் என்றால் நான், சசிதரன், அவன் ஓட்டும் பழைய ஜீப்.

"ஏறும்போது நான் சாமி கும்பிடுவேன், எறங்கும்போது ஜீப்பு கும்பிடும்" என்றான் சசி, ரிங்லெட் தாண்டி மண் பாதையில் திரும்பும்போது. "நீங்க வெறுமனே உக்காந்திருங்க பாஸ். யாராச்சும் ஒருத்தர் நிதானமா இருக்கணும்."

நான் நிதானமாக இல்லை. அறிக்கையின் முதல் வரியை மூன்று விதமாக மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றிலும் சிவசாமி குற்றவாளியாக இருந்தார்.

திலகம் அக்கா நிலத்தில் இல்லை. ஞாயிறு என்பதால் டவுனில் கடை போட்டிருந்தார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லியிருந்தார். பனி தேயிலைச் சரிவை விட்டு இறங்காமல் நின்றது. மேல் எல்லையில் சிவசாமியின் பிளாஸ்டிக் கூரைகள். அதை ஒட்டிப் பீன்ஸ் வரிசைகள். அதற்குக் கீழே, நிலத்தின் நடுவில், கீரைப் பாத்திகள். பாதை ஓரத்தில் மூடி போட்ட பெரிய நீல டிரம், கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகை. அவ்வளவுதான் நிலம்.

அதிகாரி பீன்ஸிலும் மாதிரி எடுத்திருந்தார். பீன்ஸ் சுத்தம். கீரையில்தான் மருந்து.

"சசி, காத்துல வந்துச்சுன்னா எல்லையில இருக்கிற பீன்ஸ் மேலதான மொதல்ல விழணும்?"

"எக்ஸ்பிரஸ் காத்தா இருக்கும் பாஸ். சின்ன ஸ்டாப்புல நிக்காது."

இது எனக்கு மட்டும் தெரியும் விஷயமாக இருக்க முடியாது, நான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொள்கிறேன் என்று எல்லையிலிருந்து கீரைவரை இரண்டு தடவை நடந்து பார்த்தேன். தப்பாகத் தெரியவில்லை. அதிகாரிக்கும் இந்தச் சந்தேகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி வர மாட்டார்.

பீன்ஸ் கொடிகளைக் கம்புகளோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தார்கள். வெள்ளை நூல். ஒவ்வொரு முடிச்சிலும் வெள்ளி ஜிகினா மினுங்கியது.

சசி குனிந்து பார்த்தான். "கல்யாணக் களை வந்திருச்சே. மாப்பிள்ள யாரு, தக்காளியா?"

நான் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குச் சிரிக்கத் தோன்றாததற்குக் காரணம், நான் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்ததுதான். ஜிகினா நூல் என்றால் பூ வேலை. பூ வேலை என்றால் சிவசாமி. அப்படியானால் அவர் ஆட்கள் இந்த நிலத்துக்குள் வந்து போயிருக்கிறார்கள். உள்ளே வந்த கை மருந்தையும் கொண்டுவந்திருக்கலாம். காற்று தேவையே இல்லை. ஒரு துண்டு நூலை வெட்டி உறைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம் பாஸ். மருந்து ஊத்திக் கெடுக்க வந்தவன், போற வழியில பீன்ஸுக்கு ஜடை பின்னி விட்டுட்டா போவான்? பாசக்கார வில்லனா இருக்கானே."

அதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். சசி சிரிக்க வைப்பதற்காகச் சொல்வதையெல்லாம் நான் சிரிப்பதற்கான விஷயம் என்றே ஒதுக்கிவிடுகிறேன்.

சிவசாமி கூரைக்கடியில் உட்கார்ந்து பூங்கொத்துகளின் அடித்தண்டை வெட்டிக்கொண்டிருந்தார். அறுபதை ஒட்டிய வயது, தலையில் கம்பளித் தொப்பி. நான் அலுவலக அட்டையை நீட்டினேன். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"எப்ப மருந்து அடிச்சீங்க, அங்கிள்?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அடிச்சீங்களான்னு கேக்கல. எப்பன்னு கேக்குற. அப்ப தீர்ப்பு எழுதிட்டுத்தான் வந்திருக்க. போம்மா, போய் நாளைக்குக் குடு."

"இல்ல அங்கிள், நான் அப்படி..."

"போன்னா போ."

சசி முன்னால் வந்தான். "அங்கிள், பாஸ் புதுசு லா. மொதல்ல குத்தவாளியப் புடிச்சிருவாங்க, அப்புறமாத்தான் என்னா குத்தம்னு விசாரிப்பாங்க. எங்க ஆபீஸ்ல வேல அவ்வளவு வேகம்."

சிவசாமியின் உதட்டோரம் அசைந்தது. கவிழ்த்து வைத்த வாளி ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"நான் மருந்து அடிக்கிறவன்தான், ஒளிக்கல. பூவுல ஒரு புழு இருந்தாலும் கோலாலம்பூர் மொதலாளி லோரியோட திருப்பி அனுப்பிருவான். வெட்டுறதுக்கு மொத நாளு கூட அடிப்பேன். பூவ யாரு திங்கப் போறா? ஆனா மேல கூரை, சுத்தி வலை. இதத் தாண்டி, பீன்ஸத் தொடாம, கீரையில போய் உக்காரும்னா அதுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

புனிதா பால் சேர்க்காத தே ஓ கொண்டுவந்தாள். கிளாஸை என்னிடம் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அம்மா பசியாறினாங்களா? சந்தை அன்னிக்கு வெறும் வயித்தோட போயிருவாங்க."

எனக்குத் தெரியாது என்றேன். சிவசாமிக்குக் கேட்டுவிட்டது.

"புகார் போனதுல இருந்து தாயும் மகளும் பேசிக்கல" என்றார், புனிதா உள்ளே போன பிறகு. "எனக்காகப் பேசாம இருக்கா. நான் சொல்லல, அதுவா இருக்கு. பெர்மிட்டு போச்சுன்னா இவளும் கைப்புள்ளயும் எங்க போவாங்கன்னு உங்க திலகத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. உறையிலிருந்து நூலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். இந்த முறை கவனமாகக் கேட்டேன். "இது என்னா நூலு, அங்கிள்?"

விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "மாலை கட்டுற நூலு."

"உங்களதா?"

"என்கிட்ட ஏது? நான் வெட்டி, கொத்தா ரப்பர் போட்டு அனுப்புறவன். மாலை கட்டுறது கோயில்ல. ஆடி மாசம் பூராவும் வெள்ளிக்கு வெள்ளி அம்மாளுக்கு நான்தான் பூ குடுக்குறேன், இலவசமா. பொம்பளைங்க அங்க உக்காந்து கட்டுவாங்க. நூலு கோயில் நூலு."

வெளியே வந்ததும் சசி ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தான். "இருந்த ஒரே சாட்சி பாஸ். அதுவும் இப்ப சாமி பக்கம் சேந்துருச்சு."

தோட்டத்து மாரியம்மன் கோயில் தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தெடுப்பு இல்லாததால் வரிசைகள் ஆளில்லாமல் கிடந்தன. ராமையா பூசாரி குழாயடியில் குத்துவிளக்குகளுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மண்டபத் தூணில் நூல் கண்டு தொங்கியது. ஜிகினா சேர்ந்த அதே நூல்.

"வெள்ளிக்கிழமை நல்ல கூட்டமாய்யா?"

"கேக்காத. ஆளுக்கொரு மாலை கட்டிட்டாங்க. அம்மா மொகமே தெரியல. மூக்குத்தி மட்டுந்தான் தெரிஞ்சுது."

கோயிலைச் சுற்றி வந்தேன். திலகம் அக்காவின் நிலத்துக்குள் போகிற ஆள் யாராவது கோயிலில் இருக்கிறார்களா என்பதுதான் என் தேடல். பின்பக்கம் போனதும் நின்றேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கோயில்களிலும் பின்னால் ஒரு மூலை இருக்கும். வாடிய மாலைகள், பிழிந்த எலுமிச்சை, தேங்காய் மட்டை எல்லாம் குவிந்து கிடக்கும். இங்கே பெருக்கிய மண்தான் இருந்தது. விளக்குமாற்றின் கோடுகள்கூட அழியவில்லை. முந்தாநாள்தான் ஆடி வெள்ளி.

சசி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "நம்ம கோயில்ல பின்பக்கம் இவ்வளவு சுத்தமா? பாஸ், இந்த வழக்குலயே ரொம்ப சந்தேகப்பட வேண்டிய எடம் இதான்."

இந்தத் தடவை காதில் வாங்கினேன்.

"பழைய மாலையெல்லாம் எங்கய்யா போகுது?"

"முந்தி ஓடையில விடுவோம்" என்றார் பூசாரி. "போன தீபாவளி மழையில தண்ணிக் குழாய்ல பூவு அடைச்சுக்கிச்சு. தோட்டத்துத் துரை வேணாம்னுட்டாரு. அதுக்காகக் குப்பையில போட முடியுமா? அம்மா கழுத்துல கெடந்தது. கால் படாத எடத்துல சேக்கணும். ஒரு புண்ணியவதி அந்தப் பொறுப்ப ஏத்துக்கிச்சு. சனிக்கிழமை விடிஞ்சதும் வந்து கூட்டி, சாக்குல அள்ளிக்கிட்டுப் போயிரும்."

"யாருய்யா அது?"

அவர் விளக்கைத் தேய்ப்பதை நிறுத்தினார். "வெளையாடுறியாம்மா? உன்ன அனுப்பி வெச்ச திலகந்தான்."

ஜீப்பில் ஏறினோம். எழுதிக் காட்டத் தேவையில்லாத அளவுக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வெட்டுவதற்கு முதல் நாள் மருந்தடித்த பூ. அது மாலையாகி அம்மன் கழுத்துக்குப் போகிறது. அங்கிருந்து சாக்கில் திலகம் அக்காவின் நிலத்துக்கு. பூசாரியிடம் கேட்டதில், மற்ற மாதங்களில் ஒரு மாலை, இரண்டு மாலை, அதுவும் மலைக்குக் கீழேயிருந்து வரும் மல்லிகை. ஆடியில் சாக்கு சாக்காகச் செவ்வந்தி. ஓடையில் விடுவதை நிறுத்திய பிறகு வந்திருக்கும் முதல் ஆடி இதுதான். அதனால்தான் முன்பு எடுத்த சோதனைகளில் ஒன்றும் இல்லை.

ஆனால் நான் காலையிலும் இப்படித்தான் உறுதியாக இருந்தேன். ஆகவே கேள்வியை முதலில் தாளில் எழுதினேன். அதற்குள் முடிவு எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று சசியிடம் படித்துக் காட்டினேன்.

"சுத்தமா இருக்கு பாஸ்" என்றான். குரலில் விளையாட்டு இல்லை.

திலகம் அக்கா சந்தையிலிருந்து திரும்பி, காலிக் கூடைகளைக் கொட்டகையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான, வேகமான மனுஷி. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னா, ஏதாச்சும் கெடைச்சுதா? அந்தாளு ஒத்துக்கிட்டாரா?"

"அக்கா, கோயில் பூவ என்னா செய்றீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி சந்தோஷமாகத்தான் இருந்தது. "யாரு சொன்னா, பூசாரியா? வா, காட்டுறேன்" என்று நீல டிரம்முக்கு அழைத்துப் போய் மூடியைத் தூக்கினார். புளித்த வெல்லமும் சாணமும் கலந்த வாடை. மேலே மஞ்சள் இதழ்கள் கனமாக மிதந்தன.

"மூடி இருக்கு, உயரமா இருக்கு. நாய் வாய் வெக்காது, யாரும் மிதிக்க மாட்டாங்க. கரைஞ்சு மண்ணோட சேந்துரும். நூல மட்டும் உருவி வெச்சுக்குவேன், பீன்ஸு கட்ட ஆகும். சாமி பொருள வீணாக்கக் கூடாதுல்ல."

"இந்தத் தண்ணிய எதுக்கு ஊத்துறீங்க?"

"கீரைக்கு மட்டுந்தான். பீன்ஸுக்கு ஒத்துக்காது, எல மஞ்சளாயிரும்."

"ஆபீசர் டிரம்மப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரே. சாணி, வெல்லம், பழத்தோல், வேப்பம்புண்ணாக்கு, எல்லாம் சொன்னேன்."

"பூவு?"

"அது உரமா?" என்று சிரித்தார். "சாமி பூவப் போய் யாராச்சும் உரம்னு சொல்..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு சசியின் முகத்தைப் பார்த்தார். அவன் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவசாமி சொன்னதை அப்படியே சொன்னேன். வெட்டுவதற்கு முதல் நாள்கூட அடிப்பார். பூவை யாரும் தின்னப் போவதில்லை. அதற்கு மேல் நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியிருக்கவும் இல்லை. திலகம் அக்கா மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"அம்மா கழுத்துல கெடந்தது விஷம்னு எழுதப் போறியா?"

"மருந்து அடிச்ச பூன்னு எழுதுவேன் அக்கா."

"தோட்டத்து லைன் வீட்டுல இருக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒன்னுதான். என் வாயாலயே அத நான் ஆபீசர்கிட்ட சொல்லணும். அப்புறம் எந்த மூஞ்சியோட கோயில் படி ஏறுவேன்? ஏழு குடும்பமும் என்ன நம்பித்தான் மருந்த விட்டுச்சு. மொத வருஷம் பாதி வெளைச்சல் பூச்சிக்குப் போனப்பக்கூட யாரும் என்ன ஏசல. அவங்ககிட்ட என்னா சொல்றது? நான்தான் என் கையால அள்ளிக் கொண்டாந்து ஊத்தினேன்னா?"

"சொல்லலைன்னா சிவசாமி அங்கிளோட நெலம் போயிரும். புனிதா காலையில கேட்டுச்சு, நீங்க பசியாறினீங்களான்னு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அது விசாரணையில் சேர்ந்தது இல்லை. திலகம் அக்கா மூடியைத் தரையில் வைத்துவிட்டு டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் புடி. கவுத்துருவோம்."

சசி என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். டிரம் காலியானால் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. எங்களை அமர்த்திய குழு கேட்ட அறிக்கையை அப்படியே கொடுத்துவிடலாம். எனக்கு வாய் வரவில்லை. நியாயம் யோசித்துக்கொண்டிருந்தேனா, பயந்தேனா என்று இப்போது எழுதும்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சசி நகரவில்லை. அக்கா தனியாகவே டிரம்மைச் சாய்த்தார். தண்ணீர் விளிம்புக்கு வந்து, இதழ்கள் ஒரு பக்கமாகக் குவிந்தன. அப்படியே பிடித்துக்கொண்டு எங்கே கவிழ்ப்பது என்று பார்த்தார். காலடியில் பாதை. எல்லாரும் நடக்கிற பாதை. இந்தப் பக்கம் கழுவுகிற தண்ணீர் போகும் சாக்கடை. கீழே ஓடை, அது நேராக அணைக்குப் போய்ச் சேரும். அந்தப் பக்கம் தேயிலை. விடிந்தால் வரிசைக்கு வரிசை பெண்கள் கூடையோடு இறங்கி நடப்பார்கள். அவர் கண் ஒவ்வொன்றாகப் போய்த் திரும்பியது. தோள் நடுங்க ஆரம்பித்தது. தண்ணீரின் கனம் அவ்வளவு.

டிரம்மை மெதுவாக நிமிர்த்தி வைத்தார். ஒரு துளி கீழே சிந்தவில்லை.

"எங்கேயும் ஊத்த முடியாது" என்றார், எங்களிடம் இல்லை. மூடியை எடுத்து, மண்ணைச் சேலை முந்தானையால் துடைத்துவிட்டு, போட்டு அழுத்தினார். பிறகு கொட்டகைக்குள் போய்க் கூடைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே அடுக்கிய கூடைகள்தான்.

அறிக்கையைப் பற்றி அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாங்கள் ஜீப் அருகே வந்த பிறகு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளிதான் ஆடிக் கடைசி. அந்த மாலையெல்லாம் எங்க கொண்டு போறது?"

அந்தக் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டேன். இறங்கும் வழி முழுவதும் சசி ஒரு பகடியும் சொல்லவில்லை. தானா ராத்தா டவுனில் என்னை இறக்கிவிட்டபோது மட்டும், "நாளைக்கு எத்தன மணிக்கு பாஸ்?" என்று கேட்டான்.

நாளைய வேலை: காலை ஏழரைக்குச் சசியோடு புறப்பட வேண்டும். டிரம் தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்து, அக்காவின் முன்னால் முத்திரை வைக்க வேண்டும். அதிகாரி வருவதற்கு முன் அக்காவைச் சிவசாமி வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் வரவில்லை என்றால் நான் மட்டும் போக வேண்டும்.